தெளிந்த நீரெல்லாம் தூய நீரல்ல



ஆண்டு விழா மலருக்கு அறிவியற் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டனர். ஊரிலே பல ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்த நான், இந்தக் கனடா மண்ணில் என் மகளிடம் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தையே எழுதத் தீர்மானித்தேன்.

சென்ற கோடை விடுமுறையில் மூன்று குடும்பங்களாகச் சுற்றுலா சென்று, வழியிலிருந்த விடுதியொன்றில் சனிக்கிழமை இரவு தங்கினோம். அங்கு நீச்சற் குளத்தின் அருகே 'ஹொட் ரப்' எனப்படும் வெந்நீர்த் தொட்டி ஒன்று இருந்தது. பிள்ளைகள் ஒரு மணி நேரத்துக்கு மேல் அதனுள்ளே அமர்ந்திருந்தனர். "அப்பா, தண்ணீர் நுரைக்கிறது. மணமும் மூக்கில் ஏறுகிறது" என்றாள் என் இளைய மகள். "அது குளோரீன் மணம், பிள்ளை. மணந்தால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தம்" என்றேன் நான்.

திங்கட்கிழமை காலையில் அவளுடைய இடுப்பிலும் முதுகிலும் தொடைகளிலும் சிவந்த பருக்கள் தோன்றியிருந்தன. சிலவற்றில் சீழும் கட்டியிருந்தது. நீச்சலுடை மூடியிருந்த இடங்களிலேயே அவை மிகுதியாகக் காணப்பட்டன. கொப்புளிப்பானோ என அஞ்சினார் தாயார். நண்டுக்கறியால் வந்த கிரந்தி என்றார் அம்மம்மா. மற்றைய இரு வீடுகளிலும் பிள்ளைகளுக்கு அதே பருக்கள் என்பதைத் தொலைபேசியில் அறிந்தோம். வைத்தியர் பார்த்தவுடன் கேட்ட முதற் கேள்வி, "ஹொட் ரப்பில் குளித்தீர்களா?" என்பதே.

நோயின் காரணி

இந்நோயை உண்டாக்குவது 'சூடோமோனாஸ் ஏருஜினோசா' என்னும் பற்றீரியா. மண்ணிலும் நீரிலும் இயல்பாகவே வாழ்வது. 'ஏருஜினோசா' என்பதற்கு அடிப்படையான இலத்தீன் சொல் செப்புக் களிம்பைக் குறிக்கும். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களில் பச்சையாகப் படிவதும், அம்மம்மாமார் புளியிட்டுத் தேய்த்துப் போக்குவதும் அக்களிம்பே. நோயாளரின் காயத்துணிகளில் நீலப்பச்சை நிறச் சீழ் படிவதை ஆராய்ந்த பிரெஞ்சு நாட்டு மருந்தாளர் கார்ல் ஜெசார், 1882ஆம் ஆண்டில் இப்பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார்.

வெந்நீர்த் தொட்டியினால் இது தோலைத் தாக்கும் என்பது வெகுகாலம் அறியப்படவில்லை. 1975ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் விடுதியொன்றின் சுழல்நீர்த் தொட்டியிற் குளித்தோருக்கு ஏற்பட்ட தொற்று முதன்முதலாக எழுத்தில் வெளிவந்தது.

நீண்ட நேரம் வெந்நீரில் ஊறிய தோல் மென்மையடைகிறது. அப்போது பற்றீரியாக்கள் மயிர்க்கால்களினுள்ளே புகுந்து அழற்சியை உண்டாக்குகின்றன. ஈரமான நீச்சலுடை அந்நீரைத் தோலோடு அணைத்து வைத்திருப்பதால் அவ்விடங்களிற் பருக்கள் அதிகம். நெடுநேரம் நீரில் இருப்பவர்கள் பிள்ளைகள் ஆதலால் பாதிப்பும் அவர்களுக்கே அதிகம்.

சூடு கிருமியைக் கொல்லாதா?

கொதிநீர் கொல்லும். ஆனால் மனிதர் குளிக்கும் தொட்டியின் வெப்பநிலை 40 பாகை செல்சியசைத் தாண்டலாகாது. இப்பற்றீரியாவோ 42 பாகையிலும் வளரவல்லது. நமக்கு இதமான சூடு அதற்கும் இதமானதே.

கிருமியைக் கொல்வது குளோரீன். ஊரிலே கிணற்றை இறைத்துச் சேறு அள்ளியபின், சுகாதாரப் பரிசோதகர் வந்து வெளிற்றுந்தூள் இட்டதைப் பெற்றோர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதே தத்துவந்தான் இங்கும். எனினும் சூட்டினாலும், காற்றுக் குமிழிகள் ஓயாது கிளம்புவதாலும் குளோரீன் விரைவாகக் குறைந்துபோகிறது. குளிப்போரின் வியர்வை, எண்ணெய்ப்பசை, தோலிற் பூசிய களிம்பு ஆகியனவும் அதனைச் செலவழிக்கின்றன.

மாணவர்களே, ஒரு சிறு கணக்குச் செய்யுங்கள். 300,000 லீற்றர் கொள்ளும் நீச்சற் குளத்தில் 50 பேர் குளித்தால், ஒருவருக்குக் கிடைக்கும் நீர் 6,000 லீற்றர். 1,500 லீற்றர் கொள்ளும் வெந்நீர்த் தொட்டியில் 5 பேர் அமர்ந்தால் ஒருவருக்கு 300 லீற்றர் மாத்திரமே. அழுக்கின் செறிவு இருபது மடங்கு! காலையில் இட்ட குளோரீன் மாலைவரை போதாமற் போவதன் காரணம் இப்போது விளங்குமல்லவா?

குளோரீன் குறைந்த வேளையில் குழாய்களின் உட்புறத்தில் பற்றீரியாக்கள் வழுவழுப்பான படலமாகப் படிகின்றன. அப்படலத்தினுள் ஒளிந்தவற்றைப் பின்னர் இடும் மருந்து எளிதில் எட்டுவதில்லை.

இனி, என் தவறுக்கு வருகிறேன். மூக்கைத் துளைக்கும் அந்த மணம் தூய குளோரீனின் மணமன்று. குளோரீன் வியர்வை, சிறுநீர் முதலியவற்றோடு சேர்ந்து உண்டாகும் குளோரமீன்களின் மணம் அது. கிருமியைக் கொல்லவேண்டிய குளோரீன் அழுக்கோடு போராடிச் செலவாகிவிட்டது என்பதற்கே அது அடையாளம். மகள் கண்ணாலும் மூக்காலும் கண்டறிந்ததை, விஞ்ஞானம் கற்பித்த தகப்பன் தவறான விளக்கத்தால் மூடிவிட்டேன்.

நோயின் போக்கு

பருக்கள் பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள் தோன்றும், அரிப்பு இருக்கும். பெரும்பாலானோருக்கு மருந்தின்றியே ஏழு முதல் பத்து நாட்களில் மாறிவிடும். என் மகளுக்கும் அவ்வாறே மாறியது. இது ஒருவரிலிருந்து மற்றொருவருக்குத் தொற்றுவதன்று. ஆதலால் பிள்ளையை அறையில் ஒதுக்கி வைப்பதும், மீனையும் நண்டையும் நிறுத்துவதும் வேண்டியதில்லை. காய்ச்சல் ஏற்பட்டாலோ, பருக்கள் மாறாமல் பரவினாலோ, நீரிழிவு அல்லது நோயெதிர்ப்புக் குறைவு உள்ளவருக்கு இது வந்தாலோ வைத்தியரிடம் செல்லவேண்டும். சென்றால், எங்கே குளித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

நம் நாடாகிவிட்ட கனடாவிலும் இதனை ஒத்த நிகழ்ச்சி ஒன்று பதிவாகியுள்ளது. 1998ஆம் ஆண்டில் எட்மன்ரன் நகரில், ஆழமற்ற குளமொன்றில் விளையாடிய 40 பிள்ளைகளுக்கு உள்ளங்கால்கள் சிவந்து வீங்கி, நடக்கவே இயலாத வலி ஏற்பட்டது. வழுக்காதிருக்க அமைத்த சொரசொரப்பான தரை அவர்களது பாதங்களை உராய்ந்திருந்தது. குளத்து நீரிலும் ஒரு பிள்ளையின் கொப்புளத்திலும் ஒரே வகைச் சூடோமோனாஸ் காணப்பட்டது. பதினான்கு நாட்களுக்குள் அனைவரும் சுகமடைந்தனர்.

ஆயினும், பராமரிக்கப்படாத தொட்டியில் வளரும் எல்லாக் கிருமிகளும் இவ்வளவில் விட்டுவிடுவதில்லை. 1999ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பல் என்னும் ஊரில் மலர்க் கண்காட்சி நடைபெற்றது. அங்கு காட்சிக்கு வைத்திருந்த சுழல்நீர்த் தொட்டியிலிருந்து எழுந்த நுண்திவலைகளால் லீஜியனெல்லா என்னும் வேறொரு பற்றீரியா பரவியது. அருகே நடந்து சென்றவர்கள் அதனைச் சுவாசித்தனர். ஏறத்தாழ இருநூறு பேர் கடும் நுரையீரல் நோயுற்றனர். முப்பது பேரளவில் மாண்டனர்.

செய்ய வேண்டியவை

1. தொட்டியில் இறங்குமுன் சவர்க்காரமிட்டுக் குளியுங்கள். கூழ் குடிக்குமுன்னும் குளிக்கச் சொன்னவர்கள் நம் முன்னோர்.

2. வெளியே வந்ததும் நீச்சலுடையைக் களைந்து, மீண்டும் சவர்க்காரமிட்டுக் குளியுங்கள். உடையைத் துவைத்து உலர்த்துங்கள்.

3. நீர் கலங்கியிருந்தால், நுரை அடங்காதிருந்தால், மணம் மூக்கைத் துளைத்தால், சுவரைத் தடவும்போது வழுவழுத்தால் இறங்காதீர்கள். இவை ஒன்றும் இல்லாத தெளிந்த நீரிலும் கிருமி இருக்கக்கூடும். ஆகவே சோதனைத் தாளால் அளந்து பாருங்கள்.

4. வெந்நீர்த் தொட்டிக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறும் அளவு: 1,000 லீற்றர் நீரில் குறைந்தது 3 கிராம் செயற்படு குளோரீன், பீ.எச். பெறுமானம் 7.0 முதல் 7.8 வரை. வீட்டில் தொட்டி வைத்திருப்போர் நீரையும் வடிகட்டியையும் காலந்தவறாது மாற்றவேண்டும்.

5. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை இத்தொட்டிகளில் இறக்கலாகாது. கர்ப்பிணிகள் முதலில் வைத்தியரின் ஆலோசனையைப் பெறவேண்டும்.

6. விடுதிகளில், "இன்று நீரைச் சோதித்தீர்களா? அளவு என்ன?" என்று கேளுங்கள். பதில் இல்லையெனில் இறங்காதீர்கள். நோய் ஏற்பட்டால் அவ்வூர்ச் சுகாதாரப் பகுதியினருக்கு அறிவியுங்கள்.

இந்த ஆறாவது செயலே நமக்குக் கடினமானது. அன்றிரவு நீரிலே நுரையைக் கண்டவர்கள் நாங்கள் அறுவர் இருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வந்த இடத்தில் ஏன் வீண் கதை என்பது எமது எண்ணம். ஆங்கிலம் சரளமாக வராத கூச்சமும் அதனோடு சேர்ந்திருந்தது. அகதியாய் வந்தவர்களிடம் இக்கூச்சம் எளிதில் அகல்வதில்லை. ஆனால் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவன்று. இந்நாட்டின் மொழியை நன்கறிந்த நம் பிள்ளைகள் கேட்கட்டும். நாம் அவர்கள் அருகிலே நிற்போம்.

வகுப்பறையிலே, "ஏன் என்று கேள்" எனப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்தவன் நான். என் மகள் கேட்டபோது செவிமடுத்திருப்பின், மூன்று வீட்டுப் பிள்ளைகள் பத்து நாட்கள் சொறிந்துகொண்டிருக்க நேர்ந்திராது. அடுத்த கோடைக்குப் புறப்படுமுன் இப்பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். உங்கள் பிள்ளை "தண்ணீர் ஒரு மாதிரி இருக்கிறது" என்று சொன்னால், தயவுசெய்து நம்புங்கள்.