ஆடியபின் ஆட்டுவித்தவர்

வெள்ளவத்தையிலே சனிக்கிழமை காலைகளிற் சலங்கைப் பையும் கையுமாக நடன வகுப்புக்கு விரையும் சிறுமியரைக் காணுந்தோறும், பல்கேரிய நாட்டு நெஷ்கா ரொபேவா அம்மையாரின் நினைவு எனக்கு வருவதுண்டு. அவரும் முதலில் நடனம் பயின்றவரே. பின்னர், கயிறு, வளையம், பந்து, கர்லாக்கட்டை, ஆறு மீற்றர் நீள நாடா ஆகியவற்றைக் கையிலேந்தி இசைக்கிசைய ஆடும் ‘றித்மிக் ஜிம்னாஸ்டிக்’ என்னும் விளையாட்டிற் புகுந்தார்.

உலகப் போட்டிகளிற் பதக்கங்கள் பெற்றாரெனினும், 1969, 1971, 1973 ஆகிய மூன்று முறையும் முதன்மைப் பட்டம் அவர் நாட்டு மரியா கிகோவாவையே சேர்ந்தது. 1974இல் ரொபேவா தேசியக் குழுவின் பயிற்சியாளரானார்.

தமக்குக் கிட்டாத முடியை மாணவர் தலையிற் சூட்டிப் பார்க்கும் ஆசை ஆசிரியத் தொழிலினர் எவர்க்கும் உண்டு, எனக்கும் உண்டு. அம்மையார் அதனைச் சாதித்தார். 1981இல் அனெலியா ராலென்கோவா, 1983இலும் 1985இலும் டிலியானா கியோர்கியேவா, 1987இல் பியாங்கா பானோவா என உலகப் பட்டம் அவர் மாணவியரிடமே தங்கிற்று. பானோவா வார்னா நகரில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முழுப்புள்ளியாகிய 10ஐயே பெற்றார்!

ஆனால் ஒலிம்பிக் தங்கம்? 1984இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலேதான் இவ்விளையாட்டு முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. சோவியத் யூனியனைப் பின்பற்றிப் பல்கேரியாவும் அவ்விழாவைப் பகிஷ்கரித்தது. உலகை வென்ற பெண்கள் வீட்டிலிருக்க, தங்கம் கனடாவின் லோறி ஃபங்குக்குக் கிடைத்தது. வந்தவர் வென்றதிற் குற்றமில்லை. பெரியோர் செய்த தீர்மானத்துக்கு இளையோர் விலை கொடுப்பது நம் நாட்டவர்க்கும் புதிதன்று. 1988இற் சியோலில் டுனாவ்ஸ்கா என்னும் மாணவி 59.95 புள்ளி பெற்றார். சோவியத் வீராங்கனை லோபாச் பெற்றதோ 60!

அம்மையாரின் கண்டிப்புப் பெயர்போனது. அதனை நம் பெற்றோர் அப்படியே கைக்கொள்ள வேண்டுமென நான் சொல்லேன். வளரும் பிள்ளைக்கு உணவும் உறக்கமும் முதலில் வேண்டும்.

1999இல் பயிற்சிப் பணியினின்றும் விலகியவர், பல்கேரியக் கிராமிய நடனங்களை மேடையேற்றும் குழுவொன்றை நடத்தலானார். பழைய நடனக்காரி நடனத்துக்கே திரும்பினார் போலும்!

2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கை நாம் மறந்திரோம். ஜிம்னாஸ்டிக்கின் மற்றொரு பிரிவில் இலங்கையின் மில்கா கெஹானி தோன்றியது அங்கேதான். அவ்விழாவிலேயே பல்கேரியப் பெண்கள் ஐவர் குழுவாக ஆடி, இவ்விளையாட்டிலே தம் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றனர். அப்போது அந்நாட்டுச் சம்மேளனத்தின் தலைவியாயிருந்தவர் இலியானா ராயேவா. அவர் ரொபேவா அம்மையாரின் ஆரம்பகால மாணவி.