எத்தனை அடியில் பாறை?

சிவகாசிப் பக்கம் சன்னல் கடகடத்தால் யாரும் முதலில் நிலநடுக்கத்தை நினைப்பதில்லை. எங்கே வெடித்தது, எந்தக் குவாரியில் வேட்டு வைத்தார்கள் என்றுதான் கேட்பார்கள். நிலநடுக்கமானிக்கும் இதே தொல்லை உண்டு. தரையில் வைத்தால் லாரி, அச்சு இயந்திரம், காற்றில் ஆடும் மரம் எல்லாம் அதில் பதிவாகிவிடும். அதனால் ஆழமாகத் துளை போட்டு, கருவியைப் பாறைக்குள் இறக்குகிறார்கள்.

மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதியில் 1967 டிசம்பர் 11 அன்று 6.3 அளவில் நிலம் நடுங்கியது. இன்றும் அங்கே சிறு நடுக்கங்கள் வருகின்றன. ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம் அங்கே ஆழ்துளைகளுக்குள் நிலநடுக்கமானிகளை வைத்திருக்கிறது.

சரி, கீழே ஆடியது தெரிந்துவிட்டது. நம் வீடு மேலே அல்லவா இருக்கிறது? அங்கே எவ்வளவு ஆடும்?

ஏதாவது ஓர் எண்ணால் பெருக்கினால் போதும் என்று தோன்றும். போதாது. கெட்டிப் பாறையில் நொடிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஓடும் குறுக்கலை (நிலத்தைப் பக்கவாட்டில் ஆட்டும் நிலநடுக்க அலை), இளகிய மண்ணுக்குள் நுழைந்ததும் 150, 200 மீட்டராகத் தளர்ந்துவிடும். வேகம் குறையக் குறைய ஆட்டம் பெருகும். தரையை எட்டிய அலை அங்கிருந்து திரும்பிக் கீழே இறங்கும். ஏறும் அலையும் இறங்கும் அலையும் ஆழத்தில் சந்திக்கும்போது, சில அதிர்வெண்களில் ஒன்றை ஒன்று அழித்துவிடும். மேலே வீடு ஆடும், கீழே இருக்கும் கருவியிலோ அந்த அதிர்வு பதிவாகாது! ஆகவே ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

அதற்கு மண்ணின் அடுக்குகள் தெரிய வேண்டும். சாத்தூர்ப் பக்கம் கிணறு வெட்டுபவர்களைக் கேட்டால் வாய்ப்பாடு போலச் சொல்வார்கள்: மேலே கரிசல், அடுத்து சுக்கான், அதற்கும் கீழே பாறை. பொறியாளர் கேட்பதும் இதைத்தான்.

மண் எந்த ஆட்டத்தை அதிகம் பெருக்கும் என்று அறிய, அலை மண்ணில் ஓடும் வேகத்தை, பாறைக்கு மேலுள்ள மண் கனத்தின் 4 மடங்கால் வகுத்துப் பாருங்கள். வேகம் 150, கனம் 3 மீட்டர் என்றால் 150 ÷ 12 = 12.5. நொடிக்குப் பன்னிரண்டரை முறை வரும் ஆட்டத்தை அந்த மண் அதிகமாகப் பெருக்கும். பத்து மாடிக் கட்டடமோ நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறைதான் ஆடும். இரண்டும் பொருந்தாது, நல்லதுதான். மெக்சிகோ நகரத்தில் பொருந்திவிட்டது. பழைய ஏரிப் படுகையின் தடித்த களிமண் இரண்டு நொடிக்கு ஒரு முறை ஆடியது. 1985 செப்டம்பர் 19 அன்று, வெகுதொலைவில் பிறந்த நிலநடுக்கம் அங்கே நடுத்தர உயரக் கட்டடங்களைச் சாய்த்தது.

நடுக்கம் பலமாக இருந்தால் மண்ணே நெகிழ்ந்து, நம் வகுத்தல் பிசகும். எவ்வளவு பிசகுகிறது என்று பார்க்க ஜப்பானில் வழி இருக்கிறது. அங்கே கிக்-நெட் அமைப்பின் சுமார் 700 நிலையங்களில் தரையில் ஒன்று, ஆழத்தில் ஒன்று என்று ஜோடிக் கருவிகள் உள்ளன. கணக்கில் வந்த ஆட்டத்தையும் உண்மையில் பதிவான ஆட்டத்தையும் ஒப்பிட்டுவிடலாம்.

உங்கள் தெருவில் அடுத்து போர் போடும்போது, குழிப் பக்கம் போகாமல் தள்ளி நின்று, வண்டிக்கார அண்ணனிடம் எத்தனை அடியில் பாறை வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடியை மீட்டராக்கி, மேலே 3 மீட்டர் வைத்த இடத்தில் அதை வைத்து வகுத்துப் பாருங்கள்.