மலையும் மறையும் – 7: காணி இல்லாத காவலர்கள்

சென்ற வாரம் லின் வைட்டின் குற்றச்சாட்டைப் பார்த்தோம். பூமியை ஆண்டுகொள்ள ஆதியாகமம் மனிதனுக்குக் கொடுத்த உரிமைதான் மேற்குலகம் இயற்கையைச் சூறையாடியதற்கு வேர் என்று அந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் 1967இல் எழுதினார். திருச்சபைகள் பதிலுக்கு அதே நூலின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டின. அங்கே மனிதன் எஜமான் அல்ல, தோட்டத்தைப் பேணிக் காக்கும் உக்கிராணக்காரன்.

சரியான பதில்தான். ஆனால் பசறையில் நின்று அதைப் பிரசங்கித்தால் ஓரிடத்தில் முட்டுகிறது. உக்கிராணக்காரனுக்கு வீட்டின் மேல் அதிகாரம் உண்டு. எதை நடுவது, எதை வெட்டுவது என்று அவன் வாய் திறந்து சொல்லலாம். நமுனுகுல மலைச்சரிவில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு அந்த அதிகாரம் என்றைக்கு இருந்தது? உரித்துக் காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்கே சொந்தம் என்றது 1840ஆம் ஆண்டுச் சட்டம். காடு கோப்பிக்காக விழுந்தது. 1869இல் தொடங்கிய இலைநோய் கோப்பியைத் தின்றபின் தேயிலை வந்தது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. ஒவ்வொரு தடவையும் லயத்தில் இருந்தவர்களும் காணியோடு சேர்ந்தே கைமாறினார்கள்.

செப்டெம்பரில் திருச்சபைகள் கடைப்பிடிக்கும் படைப்பின் காலத்தை ஒட்டி ஆலயங்களில் மரக்கன்று கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒரு முறை பூசை முடிந்ததும் ஓர் அம்மா கொய்யாக் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "பாதர், இத எங்க நடுறது? லயத்துக்கு முன்னால நட்டா தொர புடுங்கச் சொல்லுவாரு." பாதரிடம் பதில் இல்லை. கன்று ஒரு பெயின்ட் வாளிக்குள் போய், பீலிக்கரைக்கு இறங்கும் படியோரம் நின்றது.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. சேற்றுக்குள் போன பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தும் போகாமல் இருந்தார்களே என்று மாண்டவர்களையே குறை சொன்னவர்களும் உண்டு. எங்கே போவது? போக ஒரு துண்டுக் காணி வேண்டும். காணி அரசுக்குச் சொந்தம், கம்பனி கையில் குத்தகை. பிழைத்தவர்களுக்கு மாக்கல்தெனியவில் 75 வீடுகள் கட்டிக் கையளித்தார்கள், 2016இல். அவலத்துக்குப் பின் கிடைத்த அந்த நிலம் அவலத்துக்கு முன்பும் அங்கேதான் இருந்தது.

மலை மழையால் மட்டும் இறங்குவதில்லை. குறுக்கே வெட்டிய கான்கள் வழியாக ஓடிப்போக வேண்டிய தண்ணீர், கான் தூர்ந்துபோனால் மண்ணுக்குள் இறங்கும். அடியில் பாறைமேல் தேங்கி, மேல்மண்ணின் பிடியைத் தளர்த்திவிடும். ஆழ வேர்விடும் மரங்கள் போய், கைவிட்ட தேயிலைக்குள் மானாப்புல் ஏறிய மலைகளில் ஆபத்து இன்னும் கூடுதல். கான் வெட்டத் தெரிந்த கைகள் லயத்திலேயே இருக்கின்றன. பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தாலோ, காம்பராச் சுவரில் கலண்டருக்குப் பின்னாலிருந்த வெடிப்பு விரல் நுழையும் அளவுக்கு விரிந்தாலோ முதலில் காண்கிறவர்களும் அவர்களே. அந்த மண்ணைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் அவர்கள் இல்லை.

அதனால்தான் எனக்கு ஆதியாகமத்தைவிட லேவியராகமம் 25ஆம் அதிகாரம் அண்மையாகப் படுகிறது. நிலம் கடவுளுடையது என்பதால் அதை அறுதியாக விற்க முடியாது. ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு, ஐம்பதாம் ஆண்டில் இழந்தவனுக்குக் காணி திரும்பக் கிடைக்கும். மண்ணின் ஓய்வையும் மனிதனின் உரித்தையும் ஒரே சட்டமாக எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த உரித்தைப் பறித்த கதையும் வேதாகமத்தில் உண்டு. ஆகாப் ராஜா நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்டது கீரைத்தோட்டம் போடத்தான். கேட்டுக் கிடைக்காமல் அது எப்படி அவன் கைக்கு வந்தது என்பதை எலியா தீர்க்கதரிசி மூடி மறைத்துப் பேசவில்லை. கொலை என்றே சொன்னார்.

பூமியின் துயரத்தையும் ஏழையின் துயரத்தையும் சேர்த்துக் கேட்கும்படி போப் பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் எழுதியது 2015இல். ஊவாவில் அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ அதை 1980களிலேயே வாழ்ந்து காட்டிவிட்டார். 1972இல் பதுளை மறைமாவட்டத்தின் முதல் ஆயராக வந்த லியோ நாணாயக்கார ஆண்டகை, மக்களோடு இருந்து படிக்கும் குருத்துவப் பயிற்சியைப் பண்டாரவளையில் தொடங்கினார். அங்கிருந்து 1980இல் ரொட்ரிகோ மொனராகலை மாவட்டத்தின் புத்தல பகுதிக்குப் போய், ஒரு பௌத்தக் கிராமத்தில் குடியேறினார். மதம் மாற்றப் போகவில்லை. கரும்புக் கம்பனிகளுக்குக் காணியை இழந்துகொண்டிருந்த விவசாயிகள் பக்கம் நின்றார். மூலிகை வைத்தியத்தையும், இரசாயனம் தவிர்த்த பயிர்ச்செய்கையையும் அவர்களோடு சேர்ந்து வளர்த்தார். 1987 நவம்பர் 10 மாலை, பூசை வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் வாழ்ந்தது சிங்கள விவசாயிகளோடுதான், தோட்டத்து மக்களோடு அல்ல. ஆனாலும் காணியைப் பேசாமல் சுற்றாடலைப் பேச முடியாது என்பதை இந்த மாகாணத்தில் அவரளவுக்குத் துணிந்து காட்டியவரை நான் அறியேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை மலைநாட்டைப் புரட்டிப்போட்டது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. இத்தகைய நேரங்களில் உலர் உணவும் போர்வையும் கொண்டு ஓடிவரும் திருச்சபைகளை நான் குறை சொல்லமாட்டேன். என் கவலையெல்லாம் மழைக்கு முந்திய மாதங்களைப் பற்றியது. அபாய வலயம் என்று குறிக்கப்பட்ட லயங்களின் பட்டியல் ஒவ்வொரு ஆலயத்தின் அறிவிப்புப் பலகையிலும் தொங்க வேண்டும். அந்தக் குடும்பங்களுக்குப் பாதுகாப்பான இடத்தில் உறுதியோடு காணி கேட்கும் குரல் பிரசங்க மேடையிலிருந்து வர வேண்டும். திருச்சபைகளுக்கும் மலையகத்தில் காணி உண்டு. அந்த உறுதிகளை எடுத்து மேசையில் வைத்து, இடம்பெயர வேண்டியவர்களுக்கு எதைக் கொடுக்கலாம் என்று அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன் ஒரு பங்காவது கூடிப் பேச வேண்டும்.