செம்புக் கம்பியில் ஒரு கொண்டை ஊசி

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளியிலிருந்து கொல்லிமலை மேலுள்ள சோளக்காட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கூந்தலில் செருகும் ஊசியைப் போலப் பாதை வளைந்து திரும்புவதால் அந்தப் பெயர். அந்த ஊசியையே செம்பில் நீங்கள் வீட்டில் செய்யலாம். அழகான அணியும் கிடைக்கும்; உலோகத்தின் இயல்பும் புரியும்.

14 கேஜ் (சுமார் 2 மி.மீ. தடிப்பு) செம்புக் கம்பி அரை மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். மின்சாமான் கடையில் 'எர்த்' கம்பி என்று கேட்டால் உறையில்லாத கம்பி தருவார்கள். பிளாஸ்டிக் உறையுள்ள கம்பியைத் தீயில் எரித்து உரிக்காதீர்கள். அந்தப் புகை நச்சுப் புகை.

முதலில் ஒரு சிறு துண்டை ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்துப் பாருங்கள். வளைக்க வளைக்க விறைப்பு ஏறும், கடைசியில் ஒடிந்துவிடும். ஏன்?

செம்பு நுண்ணிய படிகங்களால் ஆனது. படிகத்தில் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஆங்காங்கே வரிசையில் பிசகுகளும் உண்டு. பெரிய ஜமக்காளத்தை அப்படியே இழுப்பது கடினம். ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி அதைத் தள்ளிக்கொண்டே போனால் எளிதில் நகரும். கம்பி வளையும்போது இந்தப் பிசகுகளும் மடிப்புகளைப் போல நகர்கின்றன. இதை டெய்லர், ஓரோவான், பொலானி ஆகிய மூவர் 1934-இல் தனித்தனியே விளக்கினர். மேலும் மேலும் வளைத்தால் பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர இடமின்றி நின்றுவிடும். அதுவே விறைப்பு.

சிக்கலை அவிழ்ப்பது வெப்பம். பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, 20 செ.மீ. கம்பியைக் குறட்டால் பிடித்துக் கரி அடுப்பில் மங்கிய சிவப்பாகும் வரை (சுமார் 600° செல்சியஸ்) காய்ச்சுங்கள். செம்பு உருக 1085° வேண்டும், ஆகவே உருகிவிடாது. ஆனால் வெப்பத்தை விரைவாகக் கடத்தும், கையால் தொடாதீர்கள். இந்தச் சூட்டில் பழைய படிகங்களின் இடத்தில் பிசகு குறைந்த புதிய படிகங்கள் தோன்றுகின்றன. இனி நீரில் அமிழ்த்துங்கள். எஃகை இப்படிச் செய்தால் கடினமாகும். செம்போ மென்மையாகவே இருக்கும்.

கம்பியின் மேல் கறுப்பாகப் படிந்திருப்பது செம்பு ஆக்சைடு. புளியும் உப்பும் சேர்த்துத் தேயுங்கள். புளியிலுள்ள டார்ட்டாரிக் அமிலம் அதைக் கரைக்கும். பிறகு கம்பியின் நடுவைப் பென்சிலில் சுற்றி வளைத்து, இரு கால்களிலும் சற்றே அலைபோல நெளிவு கொடுங்கள். முனைகளைக் கூந்தலில் சிக்காதபடி அரத்தால் மழுங்கத் தேயுங்கள்.

வேலை முடிந்ததா? இல்லை. இந்த ஊசி கூந்தலில் நிற்காது. கால்கள் எளிதில் விரிந்துவிடும். இரும்புக் கட்டைமீது வைத்து, வளைவையும் கால்களையும் சிறு சுத்தியலால் சீராகத் தட்டுங்கள். முதலில் உடைத்துக் காட்டிய அதே விறைப்புதான் இப்போது ஊசிக்கு வலுவைத் தருகிறது.

இரண்டு ஊசிகள் செய்யுங்கள். ஒன்றை மட்டும் தட்டுங்கள். இரண்டின் கால்களையும் சிறிது விரித்து விடுங்கள். எது பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று நீங்களே பாருங்கள்.