மீனை விட வேண்டாம், பார்த்து வாங்குவோம்



செங்கலடி – பதுளை வீதியால் மட்டக்களப்பு மீன் வண்டி மேலே வந்தால் அன்றைக்கு நம்ம லயங்களில் மீன் குழம்பு வாசம்தான். ஆனால் அண்மையில் பிள்ளைக் காமராவில் ஒரு தாய் எங்களிடம், "ஐயா, வாவி மீன்ல ஈயமும் பாதரசமும் இருக்காமே. நான் பிள்ளைக்கு மீன் குடுக்கிறத நிப்பாட்டிட்டேன்" என்றார். இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளமானது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் மட்டுமே அது கடலோடு சேருகின்றது. பட்டணத்துக் கழிவும் வயல் தண்ணீரும் அதில்தான் வந்து விழுகின்றன. பழைய பேட்டரி, வலையில் கட்டும் குண்டு இவற்றில் ஈயமும், பொஸ்பேட் உரத்தில் சிறிதளவு கட்மியமும் உண்டு. இந்த உலோகங்கள் குப்பை மாதிரி உக்கிப் போகாது. சேற்றில் தங்கும். சேற்றில் மேயும் புழு, இறால், நண்டு, அவற்றைத் தின்னும் மீன் என்று படிப்படியாக ஏறும்.

மீனுக்குள்ளே எல்லாம் ஒரே இடத்தில் தங்குவதில்லை. ஈயம் கூடுதலாக முள்ளிலும் செவுளிலும், கட்மியம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் சேரும். ஆகவே தலை, செவுள், குடல், ஈரலை நீக்கிக் கழுவினால் பெரும் பகுதி போய்விடும்.

பாதரசம் அப்படியல்ல. அது சதையோடு ஒட்டியிருக்கும். கழுவினாலும், பொரித்தாலும், கருவாடு போட்டாலும் போகாது. சிறிய மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன அதன் உடம்பில் கூடிக்கொண்டே போகும். அதனால்தான் சுறா, வாள்மீன் போன்ற பெரிய மீன்களில் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருந்தால் ஐரோப்பிய நாடுகளில் விற்க விடமாட்டார்கள். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் தொழிற்சாலை கடலில் விட்ட பாதரசத்தால் மீன் தின்ற மக்களுக்கு நரம்பு நோய் வந்தது 1956இல் தெரியவந்தது. வயிற்றில் இருந்த சிசுக்களும் பாதிக்கப்பட்டன.

அப்போ மீனையே விட்டுவிடலாமா? கூடாது. 2016 சுகாதார ஆய்வின்படி நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லை. தோட்டங்களில் அது 32 பேர். மீனை நிறுத்தினால் அந்தச் சத்துக்கு நம்ம பிள்ளை எங்கே போகும்?

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. சூடை, சாளை, நெத்தலி போன்ற சின்ன மீன்களை வாங்குவோம். அவை கொஞ்ச காலமே வாழ்பவை, சேர்வதும் குறைவு. விலையும் மலிவு.

2. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சிறு பிள்ளைகளுக்குச் சுறாவும் சுறாக் கருவாடும் வேண்டாம்.

3. நெத்தலிக் கருவாட்டிலும் தலையையும் குடலையும் கிள்ளி எடுத்துவிட்டுச் சமைப்போம்.

4. ஒரே மீனைத் தினமும் சாப்பிடாமல் மாற்றி மாற்றிச் சாப்பிடுவோம்.

5. தீர்ந்த டோர்ச் பேட்டரியைக் காணிலே வீசாதீர்கள். மலைத் தண்ணீர் முடிவில் கடலுக்குத்தான் போகின்றது.

அந்தத் தாய் இப்போது மறுபடியும் சூடை வாங்குகிறார். நாமும் பயந்து ஒதுங்காமல், தெரிந்து வாங்குவோம்.