உங்களுக்குத் தெரியுமா? கோணல் வெள்ளரிக்குக் காரணம் யார்?

நாமக்கல்லில் துறையூர் பேருந்து ஏறி எருமப்பட்டியில் இறங்கினால் கொல்லிமலை கண்ணுக்கு எதிரே நிற்கும். மேலே மலைக்காரர்கள் பாறையிலும் மரத்திலும் தேன் எடுக்கிறார்கள். கீழே காட்டுக்காரர்கள் பூவுக்கு மருந்து அடிக்கிறார்கள். இந்த முறைத் துணுக்குகள், இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பறக்கிற ஒரு பூச்சியைப் பற்றி.

★

தேனீ அழிந்துபோனால் நான்கே வருடத்தில் மனிதனும் அழிந்துவிடுவான் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கும். அவர் எழுதியவற்றில் அப்படி ஒரு வரியை யாரும் கண்டதில்லை. அவர் காலமானது 1955-ல். அந்த வாசகம் பெரிதாக ஊர் சுற்றியதோ 1990-களில், ஐரோப்பியத் தேனீ வளர்ப்போரின் போராட்டக் காலத்தில். பெரிய மனிதர் பெயரைப் போட்டால்தான் நம் காதில் ஏறுகிறது, என்ன செய்ய!

★

உண்மை அதைவிடச் சிக்கலானது. எருமப்பட்டிப் பக்கத்துப் பயிர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளிக்குக் குச்சி நட்டால் போதும். கரும்புக்குக் கரணை, வாழைக்குக் கட்டை. சோளமும் மக்காச்சோளமும் காற்றை நம்பி இருப்பவை. நிலக்கடலை பூவுக்குள்ளேயே தன் காரியத்தை முடித்துக்கொள்ளும். சின்ன வெங்காயத்துக்குக் காயையே ஊன்றுகிறோம். ஆக, தேனீ இல்லாவிட்டாலும் இவை விளையும். வயிறு ஒருவாறு நிறையும்.

அடிபடுவது வேறு பட்டியல். பூசணி, பாகல், வெள்ளரி, தர்பூசணி, சூரியகாந்தி, முருங்கை, எலுமிச்சை ஆகியவை அதில் வரும். துவரைக்கும் தென்னைக்கும் பூச்சி வந்தால் காய்ப்பு கூடும். உலகக் கணக்கும் இப்படித்தான். முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு ஏதோ ஓர் அளவில் பூச்சி, பறவை, வௌவால்களைச் சார்ந்தவை. எடைபோட்டுப் பார்த்தால் மொத்த விளைச்சலில் அவற்றின் பங்கு 35 விழுக்காடுதான். அதாவது, தேனீ இல்லாத உலகில் சோறு இருக்கும். குழம்பில் போடக் காய் தேட வேண்டியிருக்கும்.

சின்ன வெங்காயத்திலும் ஒரு திருப்பம் உண்டு. காய் ஊன்றாமல் விதை போட்டு வளர்க்கலாம் என்று கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 5 ரகத்தைக் கொடுத்தது. அந்த விதை வேண்டுமென்றால் வெங்காயப் பூவுக்குத் தேனீ வந்தே ஆக வேண்டும்.

★

வெள்ளரிக்காய் ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சூம்பி, அரிவாள் மாதிரி வளைந்து வருகிறதா? அது பல நேரம் உரக்குறை அல்ல, மகரந்தக்குறை. காய்க்குள் எந்தப் பக்கத்துச் சூல்கள் மகரந்தம் பெறுகின்றனவோ அந்தப் பக்கம் விதை பிடித்துச் சதை பருக்கும். மற்ற பக்கம் அப்படியே நின்றுவிடும். மகரந்தமே வராத பிஞ்சு மஞ்சளாகி வெம்பி விழும். நாமோ கடைக்குப் போய், “பிஞ்சு நிக்கல, ஒரு டானிக் குடுங்க” என்று கேட்டு அதையும் தெளிக்கிறோம். தேனீ குறைந்ததன் நட்டம் விவசாயியின் கணக்கு நோட்டில் தேனீ என்ற பெயரில் ஏறுவதே இல்லை. மருந்துச் செலவாகவும் கழிவுக் காயாகவும்தான் ஏறுகிறது.

★

பூசணியின் பெண் பூ திறந்திருப்பது ஒரே ஒரு காலை. வெயில் ஏறுவதற்குள் மூடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆண் பூவிலிருந்து யாராவது மகரந்தம் கொண்டுவந்தாக வேண்டும். தர்பூசணி இன்னும் பிடிவாதக்காரி. ஒரு பெண் பூவுக்கு எட்டுத் தடவையாவது தேனீ வந்து போனால்தான் காய் உருண்டையாக வரும் என்பது வல்லுநர் கணக்கு. காலை ஏழு மணிக்குப் பவர் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டு பூசணிக் காட்டுக்குள் இறங்குபவர், கல்யாண நேரத்தில் பந்தலைப் பிரிக்கப் போகிறவர் மாதிரி.

★

அதனால் ‘மருந்தைச் சாயங்காலம் அடியுங்கள்’ என்று சொல்கிறார்கள். நல்ல யோசனைதான், ஆனால் எல்லாக் கொடிக்கும் பொருந்தாது. பீர்க்கும் சுரையும் பொழுது சாயும்போது பூக்கும், புடலை இரவில் பூக்கும். அவற்றுக்கு வருகிற விருந்தாளிகளில் அந்துப்பூச்சிகளும் உண்டு. பூக்கும் நேரம் தெரியாமல் மருந்து அடிக்கும் நேரத்தை முடிவு செய்ய முடியாது. நம் பாட்டிகளுக்குப் பூ மலரும் நேரம் அத்துப்படி. பிச்சி மொட்டு விரிந்தால் விளக்கேற்றும் நேரம் என்று சங்கப் பெண்களே கணக்கு வைத்திருந்தார்கள்.

★

சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் ஹான்யுவான் என்ற பகுதி. அங்கே பேரி மரத்தில் ஏணி போட்டு ஏறி, பூப்பூவாக மனிதர்களே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்த்து நாம் ‘ஐயோ பாவம்’ என்கிறோம்.

நம் ஊரில் சூரியகாந்தி போட்டவர்களைக் கேளுங்கள். பூ விரிந்த நாட்களில் காலை நேரம் காட்டுக்குள் போய், ஒரு பூவின் முகத்தை இன்னொரு பூவின் முகத்தோடு வைத்து மெல்லத் தேய்க்க வேண்டும். இல்லையென்றால் உள்ளங்கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு பூப்பூவாகத் தடவ வேண்டும். வேளாண் துறையே தரும் சிபாரிசு இது. செய்யாவிட்டால் பூவின் நடுவட்டம் முழுக்கப் பதர். தேனீ சம்பளமில்லாமல் பார்த்த வேலைக்கு இப்போது ஆள் கூலி. ஏக்கருக்கு இரண்டு தேனீப் பெட்டி வைத்தால் இந்தத் தடவலே வேண்டாம் என்பதும் அதே சிபாரிசில் இருக்கிறது. அது ஏனோ யார் கண்ணிலும் படுவதில்லை.

★

கத்தரிப்பூவிடம் தேனீயின் பாச்சா பலிக்காது! அதன் மகரந்தப்பை உப்பு டப்பி மாதிரி, நுனியில் மட்டும் துளை. குலுக்கினால்தான் கொட்டும். வீட்டு உத்தரத்தையும் மூங்கிலையும் குடைகிற அந்தக் கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தனித் தேனீயும்தான் பூவைக் கட்டிப் பிடித்து ரீங்காரமிட்டு மகரந்தத்தை உதிர்க்கத் தெரிந்தவை. தக்காளிக்கும் இவற்றின் உதவி உண்டு. முருங்கைக்கும் கருவண்டுதான் பெரிய ஆள். ஓட்டு வீடும் மூங்கில் பட்டியும் போய், தளம் போட்ட வீடும் கம்பி வேலியும் வந்த பிறகு அது எங்கே குடையும்?

★

நம் பக்கத்தில் தேன் தரும் இனங்கள் ஐந்து. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் ஒற்றை அடையாகத் தொங்கவிடும் மலைத்தேனீ. கோபக்காரி, பெட்டியில் அடைக்கவே முடியாது. புதரில் உள்ளங்கை அளவு அடை கட்டும் கொம்புத்தேனீ. கிணற்றுச் சுவர் இடுக்கிலும் மரப்பொந்திலும் கறையான் புற்றிலும் அடுக்கடுக்காகக் கட்டும் அடுக்குத்தேனீ. நாம் பெட்டியில் வளர்ப்பது பெரும்பாலும் இதைத்தான். கொட்டத் தெரியாத கொசுத்தேனீ. ஐந்தாவது, வந்தேறியான இத்தாலியத் தேனீ. 1962-ல் காங்கிரா பக்கம் நக்ரோட்டாவில் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தார் அதை வெற்றிகரமாகக் குடியேற்றினார்கள்.

தூர்ந்துபோன கிணறும் வெட்டப்பட்ட புளியமரமும் இந்தக் கணக்கில் வீடுகள். சேலம் – நாமக்கல் நெடுஞ்சாலை நாலு வழியானபோது சாய்ந்த மரங்களோடு எத்தனை அடை போயிற்று என்று எந்தக் கோப்பிலும் இருக்காது.

★

தென்னிந்தியாவில் பெட்டித் தேனீ வளர்ப்புக்கு வித்திட்டவர்களில் ஒருவர் பாதிரியார் நியூட்டன். கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், திருச்சியைச் சுற்றி, சின்ன உடம்புக்காரியான நம் அடுக்குத்தேனீக்கு ஏற்ற அளவில் ஒரு பெட்டியை வடிவமைத்துப் பயிற்சியும் கொடுத்தார். இன்றும் அது ‘நியூட்டன் பெட்டி’தான். பிறகு மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போன ஊராயிற்று. அங்கே தேன் பெரும்பகுதி கிடைப்பது பூவிலிருந்து அல்ல. ரப்பர் மரத்தின் இளந்தளிர் இலைக்காம்பில் ஊறும் மதுரத்திலிருந்து.

அந்தத் தொழிலின் இடுப்பை ஒடித்த வருடம் 1991–92. தாய்லாந்தில் 1976-ல் கண்டறியப்பட்ட ‘தாய் சாக் புரூட்’ என்ற வைரஸ் வடக்கே நுழைந்து, கடைசியில் தெற்கே வந்தது. புழு கூட்டுப்புழுவாக மாறும் முன்பே இறந்து, நீர் நிறைந்த பையாகி, தலையைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். கேரளம், தமிழ்நாடு, கர்நாடகத்தில் பத்தில் ஒன்பது பெட்டிக்கு மேல் காலி. மருந்து கிடையாது. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கித்தான் தொழில் மறுபடி எழுந்தது. தேனீ குறைந்ததற்குப் பூச்சிமருந்தை மட்டும் திட்டுகிறவர்கள் இந்த வருடத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது.

★

‘வரோவா’ என்ற உண்ணிக்கு ஆதி வீடு நம் அடுக்குத்தேனீக் கூடு. நம் தேனீ அதை உடம்பிலிருந்து உருவிக் கடித்துப் போட்டுவிடும். அதே உண்ணி இத்தாலியத் தேனீக்குத் தாவியபோது அதற்கு இந்தக் கைவேலை சரியாக வரவில்லை. உலகம் முழுக்கப் பெட்டிகள் சரிந்தன. கடைசிவரை தப்பித்திருந்த பெரிய நாடு ஆஸ்திரேலியா. அங்கும் 2022-ல் நுழைந்துவிட்டது.

★

2018-ல் படைப்புழு இந்தியாவுக்குள் வந்தது. நாமக்கல் கோழிக்குத் தீனியாகப் போகும் மக்காச்சோளத்தை அது விடவில்லை. அதுவரை மக்காச்சோளத்துக்கு மருந்தே அடித்தறியாதவர்களும் குருத்துக்குள் மருந்து ஊற்ற ஆரம்பித்தார்கள். மக்காச்சோளத்துக்குத் தேனீ தேவையில்லை என்று மேலே சொன்னேன். தேனீக்கு மக்காச்சோளம் தேவை! காலையில் கதிர்ப்பூவில் மகரந்தம் வழிக்க வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குருத்துக்கு அடிக்கிற மருந்து பூவெடுத்த பிறகும் தொடர்ந்தால் அது புழுவோடு நிற்காது.

★

செத்துக் கிடந்தால்தான் நட்டமா? 2006-ல் அமெரிக்காவில் பெட்டியைத் திறந்தால் ராணி இருக்கிறது, புழு இருக்கிறது, தேன் இருக்கிறது. வேலைக்காரத் தேனீக்களை மட்டும் காணோம். பிணமும் இல்லை. ஒரே காரணம் என்று எதையும் இன்றுவரை சொல்ல முடியவில்லை. ஆனால் 2012-ல் பிரான்ஸில் தேனீயின் முதுகில் பொடிப்பொடி மின்னணு வில்லை ஒட்டி ஒரு சோதனை செய்தார்கள். தையமீத்தாக்சம் மருந்தைக் கொல்லாத அளவில் ஊட்டி அனுப்பினார்கள். பல தேனீக்கள் வீடு திரும்பவில்லை, வழி பிடிபடவில்லை. அதுவும் இமிடாகுளோபிரிட்டும் விதைநேர்த்திக்கு நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பவை. விதையில் தடவினாலும் செடியோடு ஏறி மதுரத்திலும் மகரந்தத்திலும் வந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் இந்த வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த 2018-ல் தடை போட்டது.

★

டீக்கடைக் குப்பைக்கூடையை எட்டிப் பாருங்கள். காகிதக் கோப்பையின் அடியில் ஒட்டிய சர்க்கரைக்கு இறங்கி, ஏற முடியாமல் செத்த தேனீக்கள் கிடக்கும். தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் ஐந்து கடைகளில் 30 நாள் எண்ணி 2011-ல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்: 25,000-க்கும் மேல். பிளாஸ்டிக் பூசிய கோப்பைக்கு 2019 சனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. உங்கள் ஊர்க் கடையில் எதில் டீ வருகிறது என்று நான் கேட்கவில்லை.

★

எல்லோரும் சபிக்கிற வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேல், தேனீக்கு வஞ்சகமில்லாத சாப்பாட்டுக்கடை. வேறெதுவும் பூக்காத வறட்சியிலும் பூக்கும். அதை வேரோடு பிடுங்குவதற்கு நியாயம் உண்டு. பிடுங்கிய இடத்தில் வேம்போ புங்கனோ நாவலோ வராவிட்டால் தேனீக்குப் பட்டினிதான். வரப்பில் களைக்கொல்லி அடித்துத் தும்பையைக் கருக்கினாலும் அதே கதை.

★

கொசுத்தேனீக்குக் கொடுக்கு கிடையாது. மண் சுவர் ஓட்டையிலும் மின் மீட்டர்ப் பெட்டியிலும் பிசின் குழாய் மாதிரி ஒரு வாசல் நீட்டிக் குடியிருக்கும். ஒரு கூட்டில் வருடத்துக்குக் கால் கிலோ தேன் கிடைத்தாலே பெரிது. புளிப்பும் லேசான கசப்பும் கலந்த அந்தத் தேனுக்குத்தான் நாட்டு வைத்தியர்கள் அலைவார்கள். சில நூறு மீட்டருக்கு மேல் அது பறக்காது. உங்கள் வீட்டுச் சுவரில் அது இருந்தால், அதன் மொத்த உலகமும் உங்கள் கொல்லையும் பக்கத்து வீட்டுக் கொல்லையும்தான்.