ஈரல் வற்றிய பிறகே இரத்தம் சொல்லும்

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த டாக்டர் சாமுவேல் கிறீன் இரசாயனத்தையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். அவருடைய ‘கெமிஸ்தம்’ 1875 இல் அச்சானது. அதில் விற்றமினைத் தேடிப் பயனில்லை. காசிமிர் ஃபங்க் அந்தப் பெயரைச் சூட்டியதே 1912 இல்தான்.

பெயர் வரமுன்னரே குறைபாடு இருந்தது. பொழுதுபட்டதும் பிள்ளை தட்டுத் தடுமாறினால் மாலைக்கண். ஆட்டீரலும் முருங்கையிலையும் மருந்து. வைத்தியர் கண்வெள்ளையில் நுரைபோன்ற புள்ளி தெரிகிறதா என்று பார்ப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், தோலைத் தடவுவார். கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ், தேரையின் தோல்போலச் சொரசொரக்கும் சருமத்துக்கு விற்றமின் குறைபாடே காரணம் என்று 1933 இல் எழுதியதும் இப்படிப் பார்த்துத் தொட்டு அறிந்துதான்.

சில நேரம் சோற்றுக்கோப்பையே சாட்சி சொன்னது. மலாயாவில் பெரிபெரி சீனத் தொழிலாளரை வாரிக்கொண்டு போனபோது, புழுங்கலரிசி உண்ட தமிழரை அது அவ்வளவாக அண்டவில்லை. டாக்டர் பிராடன் 1907 இல் வெளியிட்ட நூலில் இதைச் சுட்டிக்காட்டினார். நெல்லை அவிக்கும்போது, பெரிபெரியைத் தடுக்கும் விற்றமினான தயமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்து வீடுகளில் மொட்டைக்கறுப்பனை அவித்துக் காயவைத்த பெண்களுக்கு இந்த விளக்கம் தேவைப்படவில்லை.

இரத்தத்தில் அளப்பது வேறு கதை. முதலில் உணவிலுள்ள விற்றமினை அளக்கவே எலியும் புறாவும் கினிப்பன்றியும்தான் தராசு; ஊட்டிப் பார்த்தே அறிந்தார்கள். 1926 இல் கார், பிரைஸ் என்ற இருவர் அந்திமனிக் குளோரைட்டைச் சேர்த்தால் விற்றமின் ஏ நீலமாகும் என்று காட்டினார்கள். அந்த நீலம் சில விநாடிகளில் மங்கிவிடும். அதற்குள் அளந்தாக வேண்டும். பிறகு பி12 ஐ நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்த்து அளந்தார்கள். பின்னாளில் எதிர்ப்புடல் முறைகளும் நிறப்பகுப்பு இயந்திரங்களும் வந்தன. எந்த இயந்திரம் வந்தாலும் மாதிரியின் நொய்மை மாறவில்லை. இரத்தத்தில் விற்றமின் ஏ சுற்றும் வடிவமான ரெட்டினோல் வெளிச்சத்தில் அழியும். குழாயை ஈயத்தாளால் சுற்ற வேண்டும். விற்றமின் சி இன்னும் மோசம்: உடனே குளிரூட்டி அமிலம் சேர்க்காவிட்டால் மணிக்கணக்கில் கரைந்துபோகும்.

வெயிலும் வெக்கையும் நிறைந்த குடாநாட்டில் இது சின்ன விடயமல்ல. 1990 இல் போரினால் யாழ்தேவி ரயில் நின்றது, ஏ9 பாதை மூடியது, மின்சாரமும் போனது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஊரில் உறைகுளிரில் சீரம் வைத்திருப்பதை நினைத்துப் பார்க்க முடியுமா? மருத்துவ பீடம் 1978 இலேயே தொடங்கியிருந்தும், விற்றமின் விடயத்தில் யாழ்ப்பாணம் கிறீன் காலத்துக்கே, கண்ணுக்கும் நாக்குக்குமே, திரும்பியது என்பேன்.

இன்று நிலைமை தலைகீழ். காலையில் இரத்தம் கொடுத்தால் மாதிரி குளிர்ப்பெட்டியில் கொழும்புக்குப் போகிறது; அறிக்கை தொலைபேசிக்கே வந்துவிடுகிறது. விற்றமின் டீ கேட்டு வருபவர்களும் உண்டு, வருடம் முழுக்க வெயில் எரிக்கும் ஊரில்! வெயில் வெளியே எரிந்தால் போதாது, தோலில் பட வேண்டும். இங்கே அளப்பது 25-ஹைட்ரொக்சி வடிவத்தை. உடலில் வேலை செய்யும் வடிவத்தை அல்ல. குறைபாட்டிலும் பரதைரொயிட் ஓமோன் தூண்டுவதால் பின்னது சரியாகவே காட்டும்.

அறிக்கையில் வரும் எண்ணை நம்புவதில்தான் எனக்குத் தயக்கம். சீரம் ரெட்டினோல் லீற்றருக்கு 0.70 மைக்ரோமோலுக்குக் கீழே போனால் குறைபாடு என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. ஆனால் ஈரலில் சேமிப்பு இருக்கும்வரை உடல் அந்த அளவைத் தாங்கிப் பிடிக்கும். கிட்டத்தட்ட வற்றிய பிறகே இரத்தத்தில் இறங்கும். காய்ச்சல்காரப் பிள்ளைக்கோ சேமிப்பு இருந்தும் அளவு குறையும். ஆகவே அழற்சியைக் காட்டும் சீஆர்பியையும் கூடவே பார்ப்பது நல்லது.

பி12 உம் இப்படித்தான். நீரிழிவுக்கு வருடக்கணக்காக மெட்போமின் எடுக்கும், மச்சம் தொடாத சைவக்கார ஆச்சி கால் விறைக்குது என்றால் சந்தேகம் வரவேண்டும். அறிக்கை எல்லைக்கோட்டில் நின்றாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. பி12 குறைந்தால் கூடும் மெத்தில்மலோனிக் அமிலம் இரத்தத்திலோ சிறுநீரிலோ ஏறியிருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் ஆச்சியின் சிறுநீரகம் தளர்ந்திருந்தால் இரத்தத்தில் அதுவும் தானாகவே ஏறும்.